நோயை நடத்துவது யார்?

ரெம்டெசிவிர் வேலை செய்யும் மருந்தா, செய்யாத மருந்தா? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களை ஆண்டுவாரியாக அடுக்கினால் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே இல்லை. 2016-ல் வெளியான ஆய்வில், எபோலா வைரஸ் செலுத்தப்பட்ட ஆறு ரீசஸ் குரங்குகளுக்கு மூன்றாம் நாளிலிருந்து இந்த மருந்து உயர்ந்த அளவில் ஏற்றப்பட்டது; ஆறும் பிழைத்தன. 2019-ல் முடிந்த காங்கோ ஜனநாயகக் குடியரசுச் சோதனையில் இதே மருந்தைப் பெற்ற எபோலா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2020 மே மாதம் அமெரிக்கா இதைக் கோவிட் நோயாளிகளுக்கு அவசரகால மருந்தாக அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் சேர்ந்த கோவிட் நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க வேண்டியதில்லை என்றது. அடுத்த ஆண்டே, மருத்துவமனையில் சேராதவர்களிடம் நடந்த சோதனையில், மருத்துவமனைக்குப் போகும் அபாயத்தை இது 87 சதவீதம் குறைத்ததாகத் தெரியவந்தது. இதற்கெல்லாம் நடுவே, இதன் தாய் மூலக்கூறு ஒன்று, பூனைகளை அநேகமாகத் தவறாமல் கொன்றுவந்த ஒரு நோயைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது.

மூலக்கூறு ஒன்றுதான், அது குறிவைக்கும் நொதியும் எல்லா இடங்களிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. பதில்கள் மட்டும் ஏன் இத்தனை விதம்? சோதனைகளில் ஏதோ ஒன்று பிழையானது என்று சொல்லித் தப்பிக்கலாம். மருந்து நிறுவனத்தின் விளம்பரம், ஆய்வாளர்களின் அவசரம் என்று பழியைப் பங்கிடலாம். இந்த அத்தியாயம் வேறு விளக்கத்தை முன்வைக்கிறது. வைரஸின் நொதியைத் தடுக்கும் திறன் மருந்தில் இருக்கிறது. அந்தத் தடுப்பு நோயாளிக்கு உதவுமா என்பதோ, மருந்து உடலுக்குள் நுழையும் நேரத்தில் நோயை நடத்திக்கொண்டிருப்பது வைரஸா, வைரஸுக்கு எதிராகக் கிளம்பிய உடலா என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே சொன்ன முடிவுகளை மறுபடி படித்தால், முரண்பாடுகளில் பெரும்பாலானவை கரைந்துவிடும். கரையாமல் நிற்பவற்றையும் பார்ப்போம்.

முதலில் நொதி. வைரஸுக்குச் சொந்தமாகச் சமையலறை கிடையாது. புரதம் செய்ய, ஆற்றல் பெற, எல்லாவற்றுக்கும் நம் செல்லையே நம்பியிருக்கிறது. ஆனால் கொரோனா, எபோலா போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களுக்கு நம் செல்லில் கிடைக்காத ஒரு கருவி தேவை. தம் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.வைப் பார்த்தே ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதி அது. பாலிமரேஸ் என்று பெயர். நம் செல்கள் இந்த முறையில் தங்கள் மரபணுக்களைப் படியெடுப்பதில்லை. ஆகவே இந்த நொதியை முடக்கினால் வைரஸ் முடங்கும், நாம் முடங்கமாட்டோம் என்பது கணக்கு. கணக்கு எளிது, செய்வது கடினம். இந்த நொதி பயன்படுத்தும் நான்கு எழுத்துகளும் நம் செல்களின் எழுத்துகளேதான். வைரஸை ஏமாற்றும் போலி எழுத்து நம் நொதிகளையும், குறிப்பாக மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள பாலிமரேஸையும் ஏமாற்றிவிட்டால், மருந்தே நஞ்சாகிவிடும்.

அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் 2009 வாக்கில் ஹெபடைடிஸ் சி, ஆர்.எஸ்.வி. ஆகிய வைரஸ்களுக்கு மருந்து தேடத் தொடங்கியபோது உருவான மூலக்கூறு வரிசையில் வந்தது ரெம்டெசிவிர். அடினோசின் என்ற எழுத்தைப் போலவே இருக்கும் போலி எழுத்து இது. சர்க்கரைப் பகுதியின் முதல் கார்பனில் ஒரு சயனோ தொகுதி ஒட்டியிருப்பது முக்கியமான வித்தியாசம். செல்லுக்குள் போனதும் இதில் மூன்று பாஸ்பேட்டுகள் ஏற வேண்டும். அப்போதுதான் பாலிமரேஸ் இதைத் தொட்டுப் பார்க்கும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவதில்தான் செல் மிகவும் மெதுவாக வேலை செய்கிறது. எனவே அந்த முதல் பாஸ்பேட்டை ஆய்வகத்திலேயே ஒட்டிவிடுகிறார்கள். மின்னூட்டம் உள்ள பாஸ்பேட் செல்லின் சவ்வைத் தாண்டாது என்பதால் அதை வேதித் தொகுதிகளால் மறைத்து அனுப்புகிறார்கள். உள்ளே போனபின் செல்லின் நொதிகள் அந்த மறைப்பைக் கழற்றிவிடும். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் மெக்குய்கன் வகுத்த உத்தி இது. ஹெபடைடிஸ் சி நோயின் கதையையே மாற்றிய சோஃபோஸ்புவிரும் இதே உத்தியில் பிறந்ததுதான்.

பாலிமரேஸின் உள்ளே நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். கொரோனா வைரஸின் மரபுச் செய்தி கிட்டத்தட்ட 30,000 எழுத்துகள் நீளம். நொதி அதன்மீது நகர்ந்தபடி, ஒவ்வொரு எழுத்துக்கும் இணையான எழுத்தை எடுத்து வளரும் இழையின் நுனியில் சேர்க்கிறது. அடினோசின் வர வேண்டிய இடத்தில் ரெம்டெசிவிர் வந்து நின்றால் நொதி மறுப்பதில்லை; ஆய்வகச் சோதனைகளில் அசலைவிடப் போலியையே அது அதிகம் விரும்பி எடுக்கிறது. நம் மைட்டோகாண்ட்ரியாவின் நொதியோ இந்தப் போலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. போலி சேர்ந்ததும் இழை உடனே நின்றுவிடும் என்று எதிர்பார்ப்போம், அப்படி நிற்பதில்லை. நொதி மேலும் மூன்று எழுத்துகளைச் சேர்க்கிறது. நான்காவதற்காக நகரும்போது, உள்ளே தள்ளப்பட்ட போலி எழுத்தின் சயனோ தொகுதி, நொதியின் 861-ஆம் இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் முட்டிக்கொள்கிறது. இழை அங்கே சிக்கிக்கொள்கிறது. இந்தத் தாமதத்துக்கு அர்த்தம் உண்டு. கொரோனா வைரஸிடம் படியெடுத்ததைச் சரிபார்த்துத் தவறான எழுத்தை வெட்டி எறியும் இன்னொரு நொதியும் இருக்கிறது. ரிபாவிரின் போன்ற பழைய மருந்துகள் இந்த வைரஸிடம் எடுபடாமல் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். இழையின் நுனியில் நின்றிருந்தால் சுலபமாக வெட்டப்பட்டிருக்கக்கூடிய போலி, மூன்று எழுத்துகள் உள்ளே புதைந்துவிடுவதால் பெருமளவு தப்பிக்கிறது.

இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யும் மூலக்கூறு ஏன் எல்லா நோயாளிகளையும் காப்பாற்றவில்லை என்பதே நம் கேள்வி. பதிலின் முதல் பகுதி கல்லீரலில் இருக்கிறது. ரெம்டெசிவிரை மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். அங்குள்ள நொதிகள் அந்த மறைப்பை முதல் சுற்றிலேயே கழற்றி மருந்தைச் சிதைத்துவிடும். ஆகவே நரம்பு வழியாக டிரிப்ஸ் ஏற்றித்தான் இதைக் கொடுக்க முடியும். டிரிப்ஸ் என்றால் மருத்துவமனை. கோவிட் நோயாளி மருத்துவமனைக்கு வருவது மூச்சுத்திணறல் தொடங்கிய பிறகு, அதாவது முதல் அறிகுறி தோன்றி ஒரு வாரம் கழித்து. செல்லுக்குள் நுழைவதற்காகச் செய்த வேதியியல் ஏற்பாடே மருந்தை மருத்துவமனைக்குள் கொண்டுபோய் அடைத்தது. அதன்மூலம் நோயின் பிற்பகுதியில் தள்ளிவிட்டது. 2020-ல் நடந்த பெரிய சோதனைகள் எல்லாம் இந்தப் பிற்பகுதியில்தான் நடந்தன.

பிற்பகுதியில் என்ன நடக்கிறது? சாதாரண கோவிட் நோயாளியின் தொண்டையில் வைரஸின் அளவு அறிகுறிகள் தொடங்கும் நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், எட்டாம் நாளுக்குப் பிறகு எடுத்த மாதிரிகளிலிருந்து உயிருள்ள வைரஸை வளர்க்க முடியவில்லை. நுரையீரல் மோசமாவதோ பெரும்பாலும் அந்த எட்டாம் நாளை ஒட்டித்தான். வைரஸ் இறங்குமுகத்தில் இருக்கும்போது நோய் ஏறுமுகத்தில் இருக்கிறது என்றால், அப்போது நுரையீரலைச் சேதப்படுத்துவது பெருமளவு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கட்டுக்கடங்காத அழற்சி. பாலிமரேஸைத் தடுக்கும் மருந்தால் செய்ய முடிவது ஒன்றுதான்: இனி உருவாகப்போகும் வைரஸ்களைக் குறைப்பது. ஏற்கெனவே உருவானவற்றை அது அழிக்காது; சேதமான திசுவைத் திரும்பக் கட்டாது; கிளம்பிவிட்ட அழற்சியை அடக்காது. அடுப்பை அணைத்தால் பால் மேலும் பொங்காது. வழிந்த பால் பாத்திரத்துக்குத் திரும்புவதுமில்லை.

இந்த விளக்கம் சரியானால் அது சில கணிப்புகளைத் தர வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்தவர்களிலேயே, நோய் குறைவாக முற்றியவர்களுக்குப் பலன் அதிகமாகவும், வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குப் பலன் இல்லாமலும் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் ஏ.சி.டி.டி.-1 சோதனையில் 1,062 பேர் பங்கேற்றார்கள். மருந்து பெற்றவர்கள் சராசரியாக 10 நாளிலும், வெற்று ஊசி பெற்றவர்கள் 15 நாளிலும் தேறினார்கள். இறப்பு விகிதம் 11.4 சதவீதம், 15.2 சதவீதம் என்று மருந்துக்குச் சாதகமாக இருந்தாலும், தற்செயல் என்ற வாய்ப்பை ஒதுக்கும் அளவுக்கு அந்த வித்தியாசம் உறுதியாக இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. குறைந்த அளவு ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் மருந்து பெற்றவர்கள் 4 சதவீதமும் மற்றவர்கள் 12.7 சதவீதமும் இறந்தார்கள்; வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் தேறும் வேகத்தில் வித்தியாசமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனை இதைவிடப் பலமடங்கு பெரியது. அதன் 2022 இறுதி அறிக்கையில், ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து பெற்றவர்கள் 42.1 சதவீதமும் பெறாதவர்கள் 38.6 சதவீதமும் இறந்தார்கள்: பலன் இல்லை. வென்டிலேட்டர் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 14.6-க்கு 16.3: சிறிய, ஆனால் கணக்கில் நிற்கும் பலன். வெற்றி என்றும் தோல்வி என்றும் செய்தித்தாள்கள் பிரித்துப் பேசிய இரண்டு சோதனைகளும் ஒரே சரிவைத்தான் காட்டின.

எதிர்ப்பக்கச் சான்று இன்னும் கச்சிதமானது. டெக்சாமெத்தசோன் என்பது அழற்சியை அடக்கும் பழைய, மலிவான ஸ்டீராய்டு. வைரஸை அது தொடுவதே இல்லை. பிரிட்டனின் ரெக்கவரி சோதனை 2020 ஜூனில் அறிவித்த முடிவில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் அந்த மருந்து பெற்றவர்கள் 29.3 சதவீதம் இறந்தார்கள், பெறாதவர்கள் 41.4 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் பலன் சற்றுக் குறைவு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. கெடுதல் இருக்கலாம் என்ற அறிகுறிதான் தெரிந்தது. ரெம்டெசிவிர் எங்கே தோற்றதோ அங்கே டெக்சாமெத்தசோன் வென்றது. எங்கே ரெம்டெசிவிருக்கு வாய்ப்பு அதிகமோ அங்கே டெக்சாமெத்தசோனுக்கு வேலையில்லை. ஒரே நோயின் இரு கட்டங்களில் நோயை நடத்துபவர் மாறிவிடுகிறார் என்பதற்கு, வெவ்வேறு நாடுகளில் வெவ்வேறு குழுக்கள் நடத்திய சோதனைகளிலிருந்து கிடைத்த இந்தப் பொருத்தத்தைவிட நல்ல சான்றைத் தேட வேண்டியதில்லை.

கணிப்பின் மறுபாதி, சீக்கிரம் கொடுத்தால் மருந்து பலமாக வேலை செய்ய வேண்டும் என்பது. பைன்ட்ரீ என்ற சோதனையில், தடுப்பூசி போடாத, நோய் முற்றும் அபாயம் உள்ள 562 பேருக்கு, அறிகுறி தோன்றி ஏழு நாட்களுக்குள், வெளிநோயாளிகளாகவே மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். மருந்து பெற்ற 279 பேரில் 2 பேருக்கு மருத்துவமனைச் சேர்க்கை தேவைப்பட்டது. வெற்று ஊசி பெற்ற 283 பேரில் 15 பேருக்கு. 87 சதவீதம் என்ற எண் இங்கிருந்துதான் வந்தது. அதைக் கொண்டாடும் முன் அதன் அளவையும் சொல்லிவிட வேண்டும்: 5.3 சதவீதமாக இருந்த அபாயம் 0.7 ஆகக் குறைந்தது. அதாவது ஒருவரை மருத்துவமனையிலிருந்து காக்க ஏறக்குறைய 22 பேருக்கு மருந்து ஏற்ற வேண்டும். இரு பிரிவிலும் 28 நாட்களுக்குள் யாரும் இறக்கவில்லை. ஆகவே உயிர் காத்ததா என்று இந்தச் சோதனையைக் கேட்க முடியாது. அப்படியிருந்தும், அதே மூலக்கூறு அதே நோயில் சில நாள் முன்னதாக நுழைந்தபோது என்ன ஆயிற்று என்பது தெளிவு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். பெரிய சோதனையை முடித்தபின் நோயாளிகளைத் துண்டு துண்டாகப் பிரித்தால், எங்காவது ஒரு துண்டில் மருந்து நன்றாக வேலை செய்ததுபோல் தோன்றத்தான் செய்யும்; தோற்ற மருந்தை உயிர்ப்பிக்க நிறுவனங்கள் கையாளும் பழைய வழி அது. உண்மைதான். ஒரு சோதனையின் ஒரு துண்டை மட்டும் நீட்டினால் நம்பக் கூடாது. ஆனால் இங்கே மூன்று விஷயங்கள் சேர்ந்து நிற்கின்றன. சரிவின் திசை எது என்பதை நொதியின் செயல்முறை முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதே திசை ஒன்றுக்கு மேற்பட்ட சோதனைகளில் வந்தது. அவற்றில் மிகப் பெரியது மருந்து நிறுவனம் நடத்தியதும் அல்ல. துண்டு போடத் தேவையில்லாமல், சீக்கிரம் வந்தவர்களை மட்டும் எடுத்து நடத்திய தனிச் சோதனையும் அதையே காட்டியது. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக அமையாது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் காங்கோவிலிருந்து வருகிறது. அந்நாட்டின் தேசிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் சேர்ந்து 2018 நவம்பரில் தொடங்கிய பாம் சோதனை, பெனி, புட்டெம்போ, கட்வா, மங்கினா ஆகிய ஊர்களின் சிகிச்சை மையங்களில் நடந்தது. போர் நடந்த பகுதி அது. சிகிச்சை மையங்கள்மீதே தாக்குதல் நடந்தது. அந்தச் சூழலில் 681 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு மருந்துகளுக்குப் பிரித்தார்கள். மூன்று ஆன்டிபாடி மருந்துகள், நான்காவது ரெம்டெசிவிர். 28 நாளில் ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 53.1 சதவீதம் இறந்தார்கள். சிறந்த இரண்டு ஆன்டிபாடிகளைப் பெற்றவர்களில் 35.1, 33.5 சதவீதம். நான்கு பிரிவினரும் ஒரே மையங்களுக்கு ஒரேமாதிரி தாமதமாக வந்தவர்கள்தான். காலம்தான் எல்லாம் என்றால் ஆன்டிபாடிகள் எப்படி ஜெயித்தன? இந்த வித்தியாசத்தைக் காலத்தால் விளக்க முடியாது. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஆன்டிபாடி ரத்தத்தில் மிதக்கும் வைரஸை நேரடியாகப் பிடிக்கிறது. ரெம்டெசிவிர் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நுழைந்து, உருமாறி, அதன்பின்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மருந்துகளுக்கிடையே திறமையில் ஏற்றத்தாழ்வு உண்டு, அது உயிர்க்கணக்கில் தெரியும்.

ஆனால் அதே சோதனையின் இன்னொரு பட்டியலைப் பாருங்கள். ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தபோதே ரெம்டெசிவிர் பெற்றவர்களில் 29 சதவீதம் இறந்தார்கள். வைரஸ் மிகுந்தபின் பெற்றவர்களில் 85 சதவீதம். மிகச் சிறந்த ஆன்டிபாடியிலும் இதே கதைதான்: 11 சதவீதம், 64 சதவீதம். எந்த மருந்து கிடைத்தது என்பதால் வரும் வித்தியாசத்தைவிட, எந்த நிலையில் கிடைத்தது என்பதால் வரும் வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் அதிகம். அறிகுறி தோன்றி ஒரு நாளுக்குள் வந்தவர்களில் 19 சதவீதம் பேரும், ஐந்து நாளுக்குமேல் கழித்து வந்தவர்களில் 47 சதவீதம் பேரும் இறந்தார்கள். தாமதமான ஒவ்வொரு நாளும் மரண வாய்ப்பை 11 சதவீதம் உயர்த்தியதாகக் கணக்கிட்டார்கள். எபோலாவில் கடைசிவரை வைரஸ் பெருகிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் உறுப்புகள் செயலிழந்தபின் அதை நிறுத்துவதால் உறுப்புகள் மீள்வதில்லை. ஆய்வகக் குரங்குகள் பிழைத்ததன் ரகசியமும் இதில் இருக்கிறது. அவற்றுக்கு வைரஸ் நுழைந்த நாள் எது என்று ஆய்வாளருக்குத் தெரியும். நோய் முற்றும்முன் மூன்றாம் நாளில் மருந்து தயாராக நின்றது. காங்கோவின் கிராமத்தில் அந்த நாளைச் சொல்ல யாரும் இல்லை.

அப்படியானால் சட்டம் எளிதுதானே, சீக்கிரம் கொடு என்பதுதானே என்று தோன்றும். பூனைகள் அதை மறுக்கின்றன. பூனைகளில் ஒருவகைக் கொரோனா வைரஸ் திரிந்து, எஃப்.ஐ.பி. என்ற வயிற்றறை அழற்சி நோயை உண்டாக்குகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் அநேகமாக எல்லாப் பூனைகளும் இறந்துவிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நீல்ஸ் பெடர்சன் குழு, ரெம்டெசிவிரின் மறைப்பையும் முதல் பாஸ்பேட்டையும் நீக்கினால் மிஞ்சும் ஜி.எஸ்.-441524 என்ற தாய் மூலக்கூறை இயல்பாக நோய் கண்ட 31 பூனைகளுக்குச் செலுத்தி, 2019-ல் முடிவை வெளியிட்டது. பெரும்பாலும் வயிற்றில் நீர் கோத்து, மெலிந்து, நோய் முற்றி வந்தவை அவை. 26 பூனைகள் பன்னிரண்டு வாரச் சிகிச்சையைத் தாண்டின. மீண்டும் நோய் கண்ட சிலவற்றுக்கு மறுபடி மருந்து கொடுத்து, பெரும்பாலானவற்றைப் பிழைக்க வைத்தார்கள். தாமதமாகக் கொடுத்தும் மருந்து எப்படி ஜெயித்தது? எஃப்.ஐ.பி.யில் வைரஸ் வந்து போய்விடுவதில்லை. மேக்ரோபேஜ் என்ற வெள்ளணுக்களுக்குள் வாரக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பெருக்கமே அழற்சியைத் தொடர்ந்து தூண்டுகிறது. நோய் பழையது, ஆனால் நடத்துபவர் மாறவில்லை.

மனிதரிடமும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. பிறவியிலேயே ஆன்டிபாடி உற்பத்தி செய்ய இயலாத ஒரு கோவிட் நோயாளிக்கு, நோய் தொடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகு பிரிட்டனில் ரெம்டெசிவிர் கொடுத்தார்கள். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் விரைவில் தணிந்தன. மருந்தை நிறுத்தியபின் திரும்ப வந்தன. மறுபடி கொடுத்ததும் தணிந்தன. ஒரே ஆள் என்பதால் இது நிரூபணம் ஆகாது. ஆனால் மருந்தைக் கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்தபோது நோயும் கூடவே இறங்கி ஏறி இறங்கியது, வைரஸின் அளவும் அப்படியே நடந்துகொண்டது என்பது வெறும் சொல்லைவிடப் பலமான சாட்சி. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துச் சீக்கிரம், தாமதம் என்று பேசுவது ஒரு குறுக்குவழி மட்டுமே. சாதாரணக் கோவிட் நோயாளியிடம் அந்தக் குறுக்குவழி செல்லும். எதிர்ப்புச் சக்தி குன்றியவரிடம் செல்லாது. எச்.ஐ.வி.யில் பல ஆண்டுகள் கழித்தும் புரோட்டியேஸ் தடுப்பான்கள் பலன் தருவதும், பத்தாண்டுகளுக்கு மேல் உடலில் தங்கிய ஹெபடைடிஸ் சி-யைப் பன்னிரண்டு வார மாத்திரைகள் விரட்டுவதும் இதனால்தான். ஃப்ளூவுக்கான ஓசெல்டமிவிரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கச் சொல்வதும் இதே காரணத்தின் மறுமுனை.

சீக்கிரம் கொடுத்தும் பலன் தெரியாத நிகழ்வும் உண்டு. விழுங்கக்கூடிய வடிவில் அதே தாய் மூலக்கூறைத் தரும் ஒபெல்டெசிவிர் என்ற சோதனை மாத்திரையை, நோய் முற்றும் அபாயம் இல்லாத கோவிட் நோயாளிகளிடம் கிலியட் சோதித்தது. அறிகுறிகள் தீரும் காலத்தை அது குறைக்கவில்லை என்று 2023-ல் அறிவித்தார்கள். நம் கேள்வியை இங்கும் கேட்டால் குழப்பமில்லை. அபாயம் குறைந்தவர்களின் உடல், அதுவும் தடுப்பூசியோ முன்தொற்றோ கண்ட உடல், வைரஸைத் தானே சில நாட்களில் அடக்கிவிடுகிறது. அங்கே வைரஸ் நோயை நடத்துவது மிகக் குறுகிய காலம். அந்தக் காலத்தை மேலும் சுருக்க மருந்துக்கு இடமே மிஞ்சுவதில்லை. வைரஸ் நோயை நடத்த வேண்டும். உடல் தனியாக அதை அடக்கத் திணற வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில்தான் நொதித் தடுப்பான் தன் திறமையைக் காட்ட முடியும்.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதன் விலையைத் தமிழகம் 2021 ஏப்ரல், மே மாதங்களில் கண்ணால் பார்த்தது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குப்பி 1,568 ரூபாய் விலையில் அரசு ரெம்டெசிவிர் விற்றபோது, வெளிமாவட்டங்களிலிருந்துகூட உறவினர்கள் வந்து இரவெல்லாம் சாலையில் காத்திருந்தார்கள். கையில் மருத்துவரின் சீட்டு, ஆர்.டி.-பி.சி.ஆர். முடிவு, ஆதார் நகல், நுரையீரலின் சி.டி. ஸ்கேன் அறிக்கை. கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாறியது. அங்கும் அதே நிலை வந்ததும், மருந்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. வரிசையில் நின்றவர்கள் தங்களிடம் கேட்கப்பட்ட ஆவணங்களைத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் ஸ்கேனில் நுரையீரல் வெளுத்துத் தெரிவதே மருந்துக்கான தகுதி என்று ஆனபோது, மருந்தின் நேரம் கடந்துகொண்டிருந்தவர்களை முன்னே நிறுத்தும் வரிசையாக அது மாறிவிட்டது.

பைன்ட்ரீ முடிவு அப்போது வெளிவரவில்லை. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்ட சிலருக்கு அந்த மருந்து கொஞ்சம் உதவியும் இருக்கலாம். எனவே மருத்துவர்களையோ உறவினர்களையோ குறைசொல்வது நியாயமில்லை. பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே, கொடுத்துப் பார்த்தால் என்ன என்ற வாதமும் அன்று பரவலாக இருந்தது. கெடுதல் மருந்தில் இல்லாவிட்டாலும் வரிசையில் இருந்தது: பணம், கள்ளச்சந்தை, நோயாளியின் அருகில் இருக்க வேண்டியவர் தெருவில் கழித்த இரவு, எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் காக்கும் பொருள் அதுதான் என்று எல்லோரும் நம்பியதில் பின்னுக்குத் தள்ளப்பட்ட ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் பற்றிய அக்கறை. வென்டிலேட்டரில் இருப்பவருக்குப் பலனில்லை என்ற சான்று அதற்கு முந்தைய ஆண்டே கையில் இருந்தது.

இனி வரும் வைரஸ் மருந்துகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஆய்வகத்தில் நொதியைத் தடுத்தது என்ற செய்தி வரும்போது, அந்த மருந்து நோயின் எந்தக் கட்டத்தில், எந்த வடிவில், யாரிடம் போய்ச் சேரும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒபெல்டெசிவிரையே எடுத்துக்கொள்வோம். கோவிட்டில் அது எடுபடவில்லை. ஆனால் 2024-ல் வெளியான குரங்கு ஆய்வில், எபோலாவின் உறவான சூடான் வைரஸ் செலுத்தி 24 மணி நேரத்தில் தொடங்கிப் பத்து நாள் கொடுத்தபோது, மருந்து பெற்ற குரங்குகள் எல்லாம் பிழைத்தன. குளிர்பதனப் பெட்டி வேண்டாத, டிரிப்ஸ் வேண்டாத மாத்திரை, நோயாளியைத் தொட்டு உதவிய செவிலியருக்கும் அதே வீட்டில் இருந்த தாய்க்கும் அறிகுறி தோன்றும் முன்பே கிடைத்தால், காங்கோவில் ரெம்டெசிவிர் தோற்ற அதே நோய்க்குடும்பத்தில் அதன் தம்பி ஜெயிக்கக்கூடும். கூடும் என்பதற்குமேல் இன்று சொல்ல முடியாது. குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் முன்பும் ஏமாந்திருக்கிறோம். அதற்கான மனிதச் சோதனை, மருந்து எவ்வளவு வலிமையானது என்பதைவிட, தொற்றியவரின் தொடர்புகளை எத்தனை மணி நேரத்தில் தேடிப் பிடிக்க முடிகிறது என்பதையே அதிகம் சோதிக்கும். நொதியை வேதியியலாளர் ஆய்வகத்தில் வென்றுவிடலாம்; நாட்களை வெல்ல வேண்டியவர்கள் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள்.